சொட்டும் பைப்பை நீங்களே திருத்தலாம், சுவருக்குள் கை வைக்காதவரை

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடு, கட்டி ஏறக்குறைய 20 வருடம். குளியலறைச் சுவரில் உள்ள பைப் இரவு பகலாகச் சொட்டுகிறது. கொமட்டின் பிளஷ் தாங்கியிலும் சன்னமாகத் தண்ணி ஓடும் சத்தம். பிளம்பர் "நாளைக்கு வாறன்" என்று மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். யூரியூப் பார்த்து நானே செய்யலாமா, என்ன சாமான் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "தொட்டுக் கெடுத்துப்போட்டால் அண்ணா கனடாவிலிருந்து ஏசுவார்." உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிக்குள்தான் இருக்கிறது. வோசர், அதாவது பைப்புக்குள் தண்ணியை அடைக்கும் ரப்பர் வட்டு, மாற்றிக் காட்டும் வீடியோ எத்தனையோ இருக்கிறது. எந்த இடத்தோடு கையை எடுக்க வேண்டும் என்பதை அவற்றில் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், தங்கச்சி.

நான் டோகாவில் எட்டு வருடம் குழாய் வேலை செய்தவன். பிறகு ஊருக்கு வந்து பதினைந்து வருடமாக இதே தொழில். இப்போது முழங்கால் விடுவதில்லை என்பதால் பெடியளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. உங்கள் படத்தில் பைப் தெளிவாகத் தெரிகிறது. ரைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கீழே சொல்வதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன். இன்னொன்று, நம்மூரில் குழாயும் பைப், அதன் முனையில் திறந்து மூடுவதும் பைப். குழப்பம் வராமல் இருக்க, திறந்து மூடுவதைப் பைப் என்றும் சுவருக்குள் ஓடுவதைக் குழாய் என்றும் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: இரண்டு வேலையும் உங்களால் முடியும். பைப்பின் தலையை, அதாவது பிடியையும் அதற்குக் கீழே திருகிப் பூட்டியிருக்கும் பகுதியையும், கழற்றலாம், உள்ளே உள்ளதை மாற்றலாம், திரும்பப் பூட்டலாம். பைப்பின் உடம்பைச் சுவரிலிருந்து கழற்றப் போகாதீர்கள். தலை வரைக்கும் உங்கள் எல்லை, உடம்பு பிளம்பருடைய எல்லை. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

ஸ்பானரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தண்ணியை எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் மேலே 1000 லீற்றர் தாங்கி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாங்கியின் அடியிலிருந்து கீழே இறங்கும் குழாயில், தாங்கிக்குக் கிட்டவாகவே, வட்டப் பிடியோடு ஒரு கேற் வால்வு இருக்கும். குளியலறைக்கென்று தனி வால்வு இருந்தால் இன்னும் நல்லது. அதை வலப்பக்கம் சுழற்றி மூடிவிட்டுக் கீழே வந்து பைப்பைத் திறந்து வையுங்கள். குழாயில் மிஞ்சியிருக்கும் தண்ணி கொஞ்ச நேரம் ஓடும், மெலியும், நிற்கும். பத்து நிமிடம் கழித்தும் நூல் போல ஓடிக்கொண்டிருந்தால் அந்த வால்வு மூடவில்லை. நம்மூரில் இது சாதாரணம். வருடக்கணக்காகத் தொடாத வால்வின் அடியில் சுண்ணாம்பு படிந்து, உள்ளே தண்ணியை மறிக்கும் தகட்டுக் கதவு முழுதாகக் கீழே இறங்காது. பிடியில் தடியைக் கொடுத்து முறுக்காதீர்கள். உள்ளே தண்டு முறிந்தால் வால்வு பாதி மூடியபடி நின்றுவிடும், அல்லது தலைப்பக்கத்தால் ஒழுகத் தொடங்கும், பிறகு ஒரு வேலை இரண்டாகும். மெதுவாக இடமும் வலமுமாக நாலைந்து தடவை சுழற்றிப் பாருங்கள். பல நேரம் படிவு உடைந்து ஓடி, வால்வு மூடிக்கொள்ளும்.

மூடவே இல்லை என்றால்? முதல் நாள் பின்னேரத்திலிருந்து மோட்டர் போடாமல் தாங்கியில் உள்ள தண்ணியை உடுப்புத் தோய்த்து, மரங்களுக்கு விட்டு முடித்துவிடுங்கள். தாங்கி வெறுமையானால் வால்வே தேவையில்லை. கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. பைப் கழன்றால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நமக்குக் கிணறு இருக்கிறது, வாளி இருக்கிறது. வேலை இழுபட்டு அடுத்த நாள் ஆனாலும் குளிக்கலாம், சமைக்கலாம். அவசரம் இல்லாத வேலை பாதி வெற்றி. ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் கீழே பைப்பைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் அம்மா பழக்கத்தில் மோட்டர் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. சுவிட்சின் மேல் ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டிவிடுங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கே நடந்திருக்கிறது.

இப்போது ஏன் சொட்டுகிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அந்தத் தண்ணியைத்தான் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். சூடாக்கினாலும், காயவிட்டாலும், கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகப் படியும். கேத்திலின் அடியில் வெள்ளையாகச் செதில் செதிலாக நிற்பது அதுதான். அதே செதில் பைப்புக்குள்ளும் உருவாகிறது. வோசர் உட்காரும் இடத்தில் மணல் அளவு ஒரு துணுக்கு நின்றால் போதும், பைப் முழுதாக மூடாது. ஆட்கள் இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ரப்பரில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ரப்பர் ஒருநாளும் ஒழுங்காக மூடாது. சொட்டும் பைப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை இவ்வளவுதான். தீவுப்பக்கமும் கரையோரமும் தண்ணி உவர். அங்கே ரப்பரோடு சேர்ந்து உலோகமும் அரிபடும் என்பதால் நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

உங்கள் பைப் எந்த வகை என்று பார்க்க ஒரு வழி: முழுதாக மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறக்கப் பல சுற்றுச் சுற்ற வேண்டுமா, கால் சுற்றோடு திறந்துவிடுமா? பல சுற்று என்றால் உள்ளே ரப்பர் வோசர். கால் சுற்று என்றால் பெரும்பாலும் பீங்கான் தட்டு இரண்டு உள்ள தலை. உங்கள் படத்தில் மூன்று கொம்புப் பிடி இருப்பதைப் பார்த்தால் வோசர் வகையாக இருக்க வேண்டும். இது என் ஊகம், சுற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வோசர் வகை என்றால் வேலை இப்படி. தரையில் தண்ணி போகும் ஓட்டையை ஒரு துணியால் மூடுங்கள். சின்னத் திருகாணி ஒன்று அதற்குள் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. பிடியின் மேல் உள்ள நிறப் பொட்டை நகத்தாலோ கத்தி நுனியாலோ நெம்பினால் உள்ளே ஒரு திருகாணி தெரியும். அதைக் கழற்றிப் பிடியை மேலே இழுங்கள். வரவில்லை என்றால் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது, வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிடி கழன்றதும் அறுகோணத் தலை தெரியும். அதில் ஸ்பானர் போடுவதற்கு முன் பைப்பைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் திருகினால் வோசர் அடியில் அழுந்திக்கொண்டு தலை இலகுவில் கழலாது. ஒரு கையால் ஸ்பானர், மறு கையால் பைப்பின் உடம்பு. உடம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தலையைத் திருகும் விசை உடம்பைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுவை சுவருக்குள் இருக்கும் பொருத்துக்குப் போகக் கூடாது. இடப்பக்கமாகத் திருகினால் தலை "கிறிச்" என்று ஒரு சத்தத்தோடு இளகும். அந்தச் சத்தம் நல்ல சத்தம். உடம்பு அசைகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

தலையை வெளியே எடுத்தால் அதன் நுனியில் கறுப்பு ரப்பர் வோசர் இருக்கும். திருப்பிப் பாருங்கள், வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டே ஹார்ட்வெயார் கடைக்குப் போங்கள். அரை இஞ்சிப் பைப்பின் வோசர் என்று வாயால் சொன்னால் மூன்று விதம் எடுத்துக் காட்டுவார்கள். பழையதை வைத்து அளந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று வாங்கப் போனால் நாலு வாங்குங்கள், வீட்டில் மற்றப் பைப்புகளுக்கும் அதே வயதுதானே. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் சைக்கிள் ரியூபை இரண்டாக மடித்துப் பிளேட்டால் வெட்டி வோசராகப் போட்டிருக்கிறோம், பழைய செருப்பின் அடியிலும் வெட்டியிருக்கிறோம். ஓடும், ஆனால் ரியூப் மெல்லிய ரப்பர், சில மாதத்தில் நசிந்துவிடும். இன்றைக்குக் கடை திறக்கும்வரை சமாளிக்க மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

புது வோசரைப் போட முன் செய்யும் ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பைப்பின் வயிற்றுக்குள் சின்ன விரலை விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். வட்டமாக ஒரு விளிம்பு தட்டுப்படும். வோசர் உட்காருவது அதன் மேல்தான். வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்பா, பித்தளையே அரிபட்டதா என்று பார்க்க வேண்டும். துணியை ஒரு குச்சியில் சுற்றி வினாகிரியில் தோய்த்துப் பத்து நிமிடம் உள்ளே வைத்துத் துடையுங்கள். நுரை வந்து சொரசொரப்புப் போனால் அது சுண்ணாம்பு. போகாமல், விரலில் ஒரு வெட்டு மாதிரித் தட்டுப்பட்டால் பித்தளை போய்விட்டது. அந்தப் பைப்புக்கு எத்தனை வோசர் போட்டாலும் ஒரு மாதம்தான், மாற்ற வேண்டியதுதான். அந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்தது. விளிம்பு நன்றாக இருந்தால் வோசரைப் போட்டு, தலையைக் கையாலேயே முழுதாகச் சுற்றி, பிறகு ஸ்பானரால் கொஞ்சம் மட்டும் இறுக்குங்கள். தாங்கி வால்வைத் திறக்கும்போது மெதுவாக, பைப்பைத் திறந்து வைத்தபடி திறவுங்கள். முதலில் சளசள என்று காற்றும் கலங்கல் தண்ணியும் வரும், பயப்பட வேண்டாம்.

தண்ணியே வராமல் நின்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மேலே உள்ள தாங்கியின் உயரம் மட்டும்தான் நமக்கு அழுத்தம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார், அப்படியென்றால் பதினைந்து அடித் தாங்கிக்கு அரைப் பாரும் இல்லை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தால் ஒரு காற்றுக் குமிழைத் தள்ள முடியாமல் போவது உண்டு. வீட்டில் மிகத் தாழ்வாக உள்ள பைப்பை, பொதுவாக முற்றத்தில் இருப்பதை, முழுதாகத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பெரும்பாலும் சரிவரும். அதே காரணத்தால்தான் கடையில் பார்க்க அழகாக இருக்கும் வெளிநாட்டு ஷவர்கள் நம் வீடுகளில் அழுது வடிகின்றன. அவை ஒரு பாருக்கு மேல் எதிர்பார்த்துச் செய்தவையாக இருக்கும். ஷவரில் குறை ஒன்றும் இல்லை.

கால் சுற்றுப் பைப் என்றால் வோசர் கிடையாது, தலை முழுவதையும் மாற்ற வேண்டும். கழற்றும் முறை அதேதான். வாங்கும்போது பழைய தலையைக் கொண்டுபோய், நீளம், மரையின் அளவு, பிடி செருகும் தண்டில் உள்ள பல்லின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 20 பல்லும் உண்டு, 24 பல்லும் உண்டு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், பிடி ஏறாது. வோசர் வகையில் பிடியின் அடியில், தண்டைச் சுற்றி மட்டும் கசிகிறது, வாயால் சொட்டவில்லை என்றால் அது வேறு வருத்தம். தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும்.

இனி அந்த எல்லைக்கு வருகிறேன். 20 வருடத்துக்கு முன் கட்டிய வீடு என்றால் சுவருக்குள் பீவீசிக் குழாயாக இருக்க வேண்டும். அந்தக் குழாயின் முனையில் உள்மரை உள்ள ஒரு பொருத்து, கடையில் போசற் சொக்கற் என்பார்கள், சீமெந்துக்குள் புதைந்திருக்கும். உங்கள் பித்தளைப் பைப்பின் வெளிமரை அதற்குள் ஏறியிருக்கிறது. உலோகம் ஆண், பிளாஸ்ரிக் பெண். பித்தளை மரை ஒரு ஆப்பு மாதிரி, அதிகம் இறுக்கினால் பிளாஸ்ரிக் வாய் பிளக்கும். பழைய பைப்பைக் கழற்றும்போதோ நிலைமை இன்னும் மோசம். 20 வருடச் சுண்ணாம்பு மரைக்குள் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். நீங்கள் திருகுவது பைப்பை என்று நினைப்பீர்கள், சுழல்வது சொக்கற்றாக இருக்கும்.

ஊருக்கு வந்த புதிதில் இணுவிலில் ஒரு வீட்டில் இதை நான் செய்தேன். வோசர் மாற்றப் போனவன், "பைப்பும் பழசு, புதிதாகவே போட்டு விடுங்கோவன்" என்று வீட்டுக்காரர் சொன்னதும், யோசிக்காமல் பைப் றெஞ்சைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். பைப் சுகமாகக் கழன்று வந்தது, மரையில் வெள்ளையாக ஒரு பிளாஸ்ரிக் வளையமும் சேர்ந்து வந்தது. ஒரு வோசருக்காகப் போன வேலை, இரண்டு ரைல்ஸ் உடைத்து, சுவரைக் குடைந்து, குழாயை வெட்டி ஒட்டி, இரண்டு நாளில் முடிந்தது. அந்தப் பூப்போட்ட ரைல்ஸ் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் இரண்டு ஒட்டினோம். அந்த அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் முதலில் அதைத்தான் சொல்வார். தொழில் தெரிந்தவனுக்கே இது நடந்தது. அதனால்தான் உங்களுக்குத் தலையோடு நில்லுங்கள் என்கிறேன். வீடு எண்பதுகளில் கட்டியது, உள்ளே கல்வனைஸ் குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும், அப்போது இன்னும் தூரமாக நில்லுங்கள்.

என்றாவது வெளியே, கிணற்றடியிலோ முற்றத்திலோ, சுவருக்குள் புதையாத பைப் ஒன்றை மாற்ற நேர்ந்தால் அதைத் தாராளமாகச் செய்யலாம், உடைந்தாலும் கைக்கு எட்டும். மரைக்கு வெள்ளை ரேப் சுற்றும்போது மரையின் வாயை உங்கள் பக்கம் வைத்துக் கடிகார முள் ஓடும் திசையில் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போது ரேப் கழன்று குவியும். பித்தளைக்குள் பித்தளை என்றால் பத்துச் சுற்றுப் போடலாம். பிளாஸ்ரிக்குக்குள் போகிறது என்றால் ஐந்தாறு போதும். ரேப் கூடக் கூட ஆப்பு தடிக்கும். கையால் இறுகிய பிறகு ஸ்பானரால் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பித்தளை மரை உள்ளே பதித்த சொக்கற்றும் விற்கிறார்கள், விலை கூட. ஆனால் சுவருக்குள் போகும் இடத்துக்கு நான் வேறு எதையும் போடமாட்டேன்.

பிளஷ் தாங்கிக்கு வருவோம். மூடியைத் திறந்து (பீங்கான் மூடியைக் கீழே துணி விரித்து வையுங்கள்) உள்ளே பாருங்கள். நடுவில் நிற்கும் குழலின் மேல்வாயால் தண்ணி வழிந்து உள்ளே போகிறதா? போனால் குற்றம் தண்ணி வரும் பக்கத்து மிதவையில். மிதவையைத் தாழ்த்தும் திருகாணியைத் திருகி, மட்டம் அந்த வாய்க்கு ஒரு இஞ்சி கீழே நிற்கும்படி வையுங்கள். மட்டம் தாழ்ந்த பிறகும் தண்ணி வருவது நிற்கவில்லை என்றால் அந்த வால்வுக்குள் மணலோ சுண்ணாம்போ. கீழே உள்ள சின்ன வால்வை மூடிவிட்டுக் கழற்றிக் கழுவலாம். வழியவில்லை, ஆனாலும் கொமட்டுக்குள் ஓடுகிறது என்றால் அடி ரப்பர். சந்தேகம் இருந்தால் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தில் பத்துச் சொட்டு தாங்கிக்குள் விட்டு, அரை மணித்தியாலம் யாரும் பிளஷ் பண்ணாமல் இருங்கள். கொமட்டில் நீலம் தெரிந்தால் அடி ரப்பர்தான், வேறு பேச்சில்லை. பட்டன் வகையில் நடுப்பகுதி முழுவதும் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று மேலே வரும் மாதிரித்தான் பெரும்பாலும் செய்திருப்பார்கள். அடியில் உள்ள ரப்பர் வளையத்தை எடுத்துக் கழுவி, மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பணம் செலவில்லாமல் இன்னும் ஓரிரு வருடம் ஓடிய ரப்பர்கள் உண்டு. வழவழவென்று மை மாதிரிக் கையில் ஒட்டினால் அது முடிந்த கதை, புதிது வாங்குங்கள். சுண்ணாம்பை எடுக்கிறேன் என்று கொமட் கழுவும் அசிட்டைத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள், ரப்பர் போய்விடும். அசிட்டையும் குளோரினையும் எங்கேயும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. பூட்டிய குளியலறையில் அந்தப் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

பின்னூட்டத்தில் நீங்கள் கேட்ட மற்றது, பைப்புக்குக் கீழே சுவரில் ஒரு ஈரத் தடம். இங்கேதான் எனக்கு உறுதி இல்லை. சொட்டும் தண்ணி தெறித்தும் அப்படி வரும், ரைல்ஸ் இடைவெளியால் இறங்கியும் வரும், உள்ளே குழாய் கசிந்தும் வரும். கார்த்திகை மழைக்குப் பிறகு என்றால் வெளிச்சுவரால் ஊறியும் வரும். சுவரை உடைத்துப் பார்ப்பது கடைசி வழி. முதலில் சொட்டை நிறுத்துங்கள், இரண்டு கிழமை விடுங்கள். தடம் காய்ந்தால் விஷயம் முடிந்தது. காயவில்லை என்றால் ஒரு இரவு பிளஷ் தாங்கி வால்வு உட்பட எல்லாவற்றையும் மூடி, மேல்தாங்கியில் தண்ணி மட்டத்தை ஒரு பென்சில் கோட்டால் குறித்து, விடியப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. இறங்கவில்லை என்றாலும் கசிவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். மிகச் சன்னமான கசிவு அவ்வளவு பெரிய தாங்கியில் ஒரு இரவில் தெரியாது. வீட்டுக்குத் தண்ணீர்ச் சபை இணைப்பு இருந்து, அந்தத் தண்ணி நேரடியாகப் பைப்புகளுக்கு வந்தால், மீற்றரின் முள் ஓடுகிறதா என்று பார்ப்பது இதைவிடத் துல்லியம். அந்த இணைப்பு இருந்தால் ஒரு எச்சரிக்கையும்: மீற்றருக்கு அந்தப்பக்கம் அவர்களுடையது, தொடக் கூடாது. கிணற்று மோட்டர்க் குழாயையும் சபைக் குழாயையும் ஒரு வால்வை வைத்து இணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணி ஊருக்கே போகும் வழி அது.

வெளியே வெயிலில் கிடக்கும் பீவீசிக் குழாய் வெடித்தால் அதையும் நீங்கள் ஒட்டலாம். நேராக வெட்டி, பிசிறை எடுத்து, துடைத்துக் காயவைத்து, குழாயிலும் சொக்கற்றிலும் பசை பூசி, செருகிக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் பிடியுங்கள். இரவு முழுக்க விட்டு விடியத் தண்ணி திறவுங்கள். குழாயில் தண்ணி சொட்டிக்கொண்டே இருந்தால் பசை பிடிக்காது. அதற்கு ஒரு பழைய வழி, பாணின் உள்வெள்ளையை உருட்டிக் குழாய்க்குள் அடைத்துவிடுவது. கொஞ்ச நேரம் தண்ணியைப் பிடிக்கும், பிறகு தானே கரைந்து போகும். பாணின் கரையைப் போடாதீர்கள், அது கரையாமல் பைப் வாய் வலையில் சிக்கும்.

மோட்டர், கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட் வால்வு, மலசலகூடத்திலிருந்து குழிக்குப் போகும் குழாய், இந்த மூன்றையும் தொடாதீர்கள். முதலாவதில் 230 வோல்ற்று, ஈரத் தரை. ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று அதன் சோதனைப் பட்டனை அமுக்கிப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. இரண்டாவதில் தனியாகக் கிணற்றுக் கட்டில் குனிய வேண்டிவரும். மூன்றாவது ஒழுகினால் நம் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வர நேரம் எடுக்காது, அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்பானர் ஒன்று, நட்சத்திரத் தலையும் தட்டைத் தலையும் உள்ள திருப்புளி, ஒரு உருளை ரேப், வோசர் நாலு, வினாகிரி ஒரு போத்தல். பைப் றெஞ் வாங்க வேண்டாம். அது கையில் இருந்தால் உடம்பைத் திருகச் சொல்லும். பிளம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பொய்யர் இல்லை. ஒரு வோசருக்காக மோட்டர் சைக்கிளில் வந்து போனால் எவ்வளவு கேட்பது என்று அவருக்கே கூச்சம், புது வீட்டு வேலை ஒன்று வந்தால் அதற்குப் போய்விடுவார். "அண்ணை, வோசரும் பிளஷ் ரப்பரும் நான் போட்டுவிட்டன், விளிம்பு அரிபட்டிருக்கு, பைப் மாத்த வேணும், தாங்கி வால்வும் மூடுதில்லை, ரெண்டையும் சேர்த்துச் செய்து தாங்கோ" என்று படத்தோடு அனுப்பிப் பாருங்கள். அரை நாள் வேலை என்று தெரிந்தால் வருவார்.

நாளைக்கு ஸ்பானர் வாங்கப் போக வேண்டாம். தாங்கிக்கு ஏறுபவர் யாரென்று பார்த்து, அந்தக் கேற் வால்வை மூடி, பத்து நிமிடத்தில் தண்ணி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். பிடியைக் கழற்றிய பிறகு தலையின் படம் ஒன்றும் போட்டால், என்ன வாங்க வேண்டும் என்று சரியாகச் சொல்கிறேன்.